பருப்பு வேகாத நாள்

எங்கள் வீட்டை விற்பது என்று அப்பா முடிவு செய்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. எங்கள் இருவரையும் தவிர அந்த வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை, ஒரு வெள்ளாடு, ஏழு கோழிகள் இருந்தன. வீடு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் இதில் எதுவும் படக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. எங்களையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசி போகிற ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். அதில் கடைசி வீடு எங்களுடையது. கொல்லைச் சுவருக்கு அப்பால் ஓர் ஓடை, பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவுக்கு நாங்கள் போகக் கூடாது. ஏன் என்று கேட்டால், ஓடையில் பாம்பு இருக்கிறது என்பார்கள். பாம்புக்கு ரொம்பவும் பயந்த குடும்பம் எங்களுடையது என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

மூன்று வருடமாக மழை ஏமாற்றியதில் அப்பாவுக்குப் பருத்தியும் கரிசல் காடும் வெறுத்துவிட்டன. சிவகாசியில் மாமா ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆரம்பிக்கிறார், கூட்டுச் சேர வரச் சொல்கிறார். வீட்டை விற்றால்தான் கூட்டு. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு வாங்க மாட்டார்கள். ஆவணி வரை மாமா பொறுக்க மாட்டார். அதனால் ஆனி முடிவதற்குள் விற்றாக வேண்டும் என்று அப்பா காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் அலைந்தார்.

என் கவலை நாயைப் பற்றியது. கருவாயன் என்று பெயர், உடம்பெல்லாம் செவலை, வாய் மட்டும் கறுப்பு. மாமா எங்களுக்குப் பார்த்து வைத்திருந்தது லைன் வீடு. வாசலெல்லாம் தீக்குச்சி காயப் போடுகிற இடம், நாய் மிதித்து உழப்பிவிடும் என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். ஆட்டை விற்கலாம், கோழியைத் தின்னலாம், பூனை யாரையும் நம்பி இல்லை. நாயை என்ன செய்வது? “விட்டுட்டுப் போவோம், அது எங்கயாவது பொழைச்சுக்கிடும்” என்று அப்பா சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்களை அப்படி விட்டுவிட்டுப் போவாரா என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

கருவாயனுக்கு அந்த வீட்டில் தனி வாசலே இருந்தது. கிணற்றடியை ஒட்டிய கொல்லைச் சுவரில், தரையோடு தரையாக ஒரு துவாரம். உள்ளே அதையொட்டி ஒரு கல்தொட்டி, வெளியே பள்ளமான ஓடைப் பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு கல் மடை. தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் சுவரைத் தாண்டி ஓடி மடை வழியாக வெளியே விழும். ஆனால் நான் அறிந்து அந்தத் தொட்டியில் யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஓரத்துச் செங்கல்கள் உதிர்ந்து துவாரம் பெரிதாகி, கருவாயன் அதன் வழியே போக்குவரத்து நடத்திக்கொண்டிருந்தது. நடுப்பகலில் காணாமல் போகும். சாயங்காலம் வயிறு முட்ட வந்து படுக்கும். அது நாய்க்காகவே கட்டிய வழி என்று நானும் தம்பியும் நம்பினோம். அந்தக் காலத்து ஆட்கள் ஒரு நாய்மேல் இவ்வளவு பிரியமாக இருந்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் வீடு பார்க்க வந்தவர் விருதுநகரில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூனை குறுக்கே போய்விடக் கூடாதே என்று அம்மா அதைப் பிடித்து, காலியாக இருந்த தானியக் குலுக்கைக்குள் போட்டு மூடிவிட்டாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார், குலுக்கைப் பக்கம் வந்தார். உள்ளேயிருந்து பச்சைப் பிள்ளை அழுவதுபோல் ஒரு குரல் எழும்பியது. “வீட்டுல கைப்பிள்ளை இருக்கோ?” என்று கேட்டார். இல்லையே என்றாள் அம்மா. அவர் எங்களையும் குலுக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் குடிக்கக் கேட்டிருந்த மோரைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார். அந்த நேரத்தில் பஸ் எதுவும் கிடையாது.

அடுத்து ஆமத்தூரிலிருந்து ஒரு அம்மாள் தன் மகனுடன் வந்தாள். அவள் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனாள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பாதிக் கிணறுகள் உப்பு. தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்து மனிதர்கள் ஏமாறலாம், பருப்பு ஏமாறாது. வீடு வாங்க வருகிறவர்கள் முந்தானையில் ஒரு பிடி துவரம்பருப்பை முடிந்துகொண்டு வருவார்கள். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அதை வேகவைத்துப் பார்ப்பார்கள். நல்ல தண்ணீர் என்றால் கொஞ்ச நேரத்தில் குழைந்துவிடும். உப்புத் தண்ணீரில் விறகு தீருமே தவிர பருப்பு வேகாது. ஆமத்தூர் அம்மாளுக்கு எங்கள் அடுப்படியில் அம்மா பலகை போட்டு உட்காரவைத்தாள். பருப்பு வெண்ணெயாக வெந்தது. அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பல்.

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. தாம்பாளத்தை நடுவீட்டில் வைத்துவிட்டு எல்லாரும் கிழக்கு எது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வெள்ளாடு உள்ளே வந்து வெற்றிலையைத் தின்றது. பூவையும் தின்றது. சகுனம் சரியில்லை என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆட்டின் கயிற்றை நான் அவிழ்த்துவிட்டேன் என்று அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். நான் அவிழ்க்கவில்லை. சரியாகக் கட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆனி முடியப் பத்து நாள் இருந்தபோது தரகர் தாயில்பட்டியிலிருந்து ஒரு பார்ட்டி வருகிறது என்று சொல்லிப் போனார். வழக்கமாகச் சத்தமாகப் பேசுகிற மனிதர், அன்றைக்கு அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அப்பா தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, “வரட்டும்” என்றார். மறுநாளே பெரியப்பா வந்து நின்றார். அவர் அப்பாவுக்கு அண்ணன், மேலத்தெருவில் இருந்தார். நான் குலுக்கைக்குப் பின்னால் பூனையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

“ஏலே, விக்கிறதுதான் விக்கிற, யாருக்கு விக்கிறோம்னு ஒரு யோசனை வேண்டாமா? நாளைப்பின்ன நான் ஊருக்குள்ள எப்படித் தலையத் தூக்கிட்டு நடக்க?”

“அப்ப நீங்க வாங்கிக்கோங்கண்ணே.”

பெரியப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வர்றவன வராதன்னு சொல்ல வேண்டாம்லே. வரட்டும். குடத்துல உப்புக் கிணத்துத் தண்ணிய ஊத்தி வச்சிரு. பருப்பு வேகாது. அவனே எந்திரிச்சுப் போயிருவான். நம்ம வாயால ஒரு சொல்லு சொன்னதா இருக்காது.”

“அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்ணே.”

வருகிறவர்கள் யார், அவர்கள் வந்தால் பெரியப்பாவின் தலைக்கு என்ன கேடு என்பதெல்லாம் என் காதில் விழுந்தும் விழவில்லை. பருப்பு வேகாவிட்டால் வந்தவர்கள் போய்விடுவார்கள், வீடு விற்காது, ஆடி பிறந்துவிடும், கருவாயன் எங்களோடு இருக்கும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அப்பா வேண்டாம் என்று சொன்ன பாவத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

தாயில்பட்டிக்காரர்கள் வருகிற நாள் காலையில், கோயில் பக்கம் மாடுகள் குடிக்கிற உப்புக் கிணற்றிலிருந்து சின்னக் குடத்தில் இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்தேன். தம்பி முன்னால் போய் ஆள் நடமாட்டம் பார்த்துச் சொன்னான். தண்ணீரை ஒரு பானையில் ஊற்றி, கோழிக் கூடையைக் கவிழ்த்து மூடிவைத்தோம். அம்மா எங்கள் கிணற்றில் இறைத்துப் பித்தளைக் குடத்தை நிரப்பிக் கிணற்றடியில் வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். குடத்தை நான் கறிவேப்பிலைக் கன்றில் கவிழ்த்தேன். தம்பியும் நானும் பானையைச் சேர்ந்து தூக்கிக் குடத்தை மறுபடி நிரப்பினோம். குடத்தின் மூடியை முன்பு இருந்த மாதிரியே வைத்தோம். என் பாவாடை இடுப்பிலிருந்து நனைந்துபோயிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கருவாயனையும் சும்மா விடவில்லை. அறிமுகமில்லாதவர்களைப் பார்த்தால் ஊரையே கூட்டுகிற நாய் அது. வாசல் தூணில் கட்டிவைத்தேன்.

வந்தது தரகரும், புதுச் சட்டை போட்ட ஒரு மனிதரும், அவர் மனைவியும். அவர் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொரு கம்பெனியில் மெஷின் பார்க்க வரப்போகிறார் என்றார் தரகர். அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் நகங்களில் பட்டாசு மருந்தின் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. மூன்று பேரும் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள். அப்பா வாசலுக்கு உள்ளே நின்றார்.

அன்றைக்கு அப்பா பேசியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே சங்கடமாகவும் இருக்கிறது. ‘வா’ என்று சொல்லவில்லை, ‘வாங்க’ என்றும் சொல்லவில்லை. “வரலாமே” என்றார். “உட்காரலாம்” என்றார். “வெயில்ல வந்தது, மோரு குடிக்கலாம்” என்றார். யாருக்குச் சொல்கிறார் என்றே தெரியாமல் காற்றில் விட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதரும் “இருக்கட்டும்யா” என்று நின்றுகொண்டே இருந்தார்.

நான் கருவாயன் குரைப்பதற்காகக் காத்திருந்தேன். அது குரைக்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு போகிற மாதிரித் துள்ளியது. வாலை ஆட்டுகிற வேகத்தில் பின்னுடம்பே ஆடியது. அவள் குனிந்து அதன் காதைப் பிடித்து ஆட்டினாள்.

“அட, நம்ம ராசா! எங்க ஆத்தா வீட்டுல தெனமும் மத்தியானக் கஞ்சி குடிக்கிற பய நீ. இந்த வீட்டுப் பிள்ளையா நீ?”

“அதுக்குப் பேரு கருவாயன்” என்றேன் நான் கோபமாக.

“இங்கன கருவாயன், அங்கன ராசாவா இருந்துட்டுப் போகட்டும் தாயி. ரெண்டு பேரு இருந்தா ரெண்டு வேளைக் கஞ்சி” என்று சிரித்தாள்.

அவளுடைய ஆத்தா ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாளாம். பாம்புகளுக்கு நடுவில் இந்த நாய் தினமும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறது. அது எங்கே போய்த் தின்கிறது என்று நான் பல மாதமாகச் செய்த ஆராய்ச்சிக்கு விடை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கருவாயன் எனக்குத் துரோகம் செய்துவிட்டது என்று அழுகைதான் வந்தது.

எல்லாரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனோம். அங்கே அம்மா மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்திருந்தாள். எனக்கு ஆச்சரியம். ஆமத்தூர் அம்மாள் அடுப்படியில் பலகையில் உட்கார்ந்துதானே பருப்பு வேகவைத்தாள், இவர்களுக்கு மட்டும் ஏன் வெயிலில் கூட்டாஞ்சோறு? அம்மாவிடம் கேட்டேன். “வாய மூடிட்டு நில்லு” என்றாள். அவள் முகம் சரியில்லை.

தாயில்பட்டி அம்மா தன் பையிலிருந்து ஒரு அலுமினியச் சட்டியை எடுத்தாள். அம்மா குடத்தைச் சரித்து மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பருப்பைப் போட்டாள் அவள். பிறகு கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரத்துத் தொட்டியையும் பார்த்தாள். கருவாயனை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள், அது வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

“தாயில்பட்டியிலயே இத விடப் பெரிய வீடா அமையுதுய்யா” என்றார் அந்த மனிதர் அப்பாவிடம். “இவதான் ஒத்தக் கால்ல நிக்கா. வாங்குனா இந்த வீடுதான் வேணுமாம்.”

பெரிய வீட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டை எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்தேன். மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும். அதை அவளிடம் சொல்லலாமா என்றுகூடப் பார்த்தேன்.

விறகு எரிந்தது. பருப்பு கொதித்தது, நுரைத்தது, சுற்றிச் சுற்றி வந்தது. அவள் கரண்டியில் இரண்டு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். கல்லாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். அம்மா இன்னொரு விறகைத் தள்ளினாள். “வெந்துரும், வெந்துரும்” என்றாள். அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தம்பிக்கும் மட்டும் உள்ளுக்குள் திருவிழா. நாலாவது தடவை நசுக்கிப் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் வீட்டுக்காரர், “நான் அப்பவே சொன்னேம்ல, வா போவோம்” என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இப்படித்தான் ஆகும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவரின் குரல் அது.

அவள் எழுந்தாள். “சரி தாயி. வேகல. நாங்க கெளம்புறோம். ஒரு வாய் தண்ணி மட்டும் ஊத்துங்க.”

அம்மா குடத்தைத் தூக்கினாள். அவள் சற்றுக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வாயருகே வைத்துக்கொண்டாள். அம்மா மேலேயிருந்து ஊற்றினாள். ஒரு வாய் உள்ளே போனதும் அவள் கையை எடுத்துவிட்டாள். மிச்சத் தண்ணீர் மண்ணில் விழுந்தது.

“இது இந்தக் கிணத்துத் தண்ணி இல்ல.”

“என்ன சொல்ற? என் கையால எறைச்சு வச்சேன்” என்றாள் அம்மா.

“பதினாலு வருசம் அந்த மடையில கொடம் புடிச்சவ தாயி நான். வெளிய ஓடையில நின்னு, இந்த வீட்டு ஆளு வந்து தொட்டியில எப்ப ஊத்துவாகன்னு காத்துக் கெடந்து புடிச்ச தண்ணி. எங்க தெருவுல பஞ்சாயத்துக் கெணறு தோண்டுற வரைக்கும் இதைத்தான் குடிச்சேன். என் நாக்குக்குத் தெரியாதா?”

அம்மா ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டாள். உடனே துப்பினாள். அப்பாவும் குடித்துப் பார்த்தார். “அண்ணன் வேலை” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவர் முகம் கறுத்துப்போயிற்று. தரகர் மேகத்தைப் பார்த்தார். மேகம் எதுவும் இல்லை.

நான் கறிவேப்பிலைக் கன்றுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அது என்னைவிடக் குட்டை. கன்றைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. அம்மா அந்த ஈரத்தைப் பார்த்தாள், கவிழ்ந்து கிடந்த கோழிக் கூடையைப் பார்த்தாள், கடைசியில் என் பாவாடையைப் பார்த்தாள். இப்போது தலைமுடியைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா என்னிடம் வரவில்லை. கிணற்றடிக்குப் போய் வாளிக் கயிற்றை எடுத்தாள். வாளியை உள்ளே விடப் போனவள் நின்றாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து கயிற்றை அந்த அம்மாவின் முன்னால் நீட்டினாள்.

“நீங்களே எறைச்சுக்கோங்க” என்றாள்.

காலையிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவர்களிடம் சொல்லாத ‘ங்க’ அது. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் உடனே கயிற்றை வாங்கவில்லை. கைகளைச் சேலையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டு கிணற்று மேடையில் ஏறினாள். வாளியை விடாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பதினாலு வருசம் குடிச்சிருக்கேன்” என்றாள். “கெணறு வட்டமா சதுரமான்னு தெரியாது.”

வாளி மெதுவாக இறங்கியது. உருளை கிறீச்சிட்டது. தண்ணீரைத் தொட்ட சத்தம் வந்த பிறகும் அவள் இழுக்கவில்லை. அம்மா இறைத்தால் நாலே இழுப்பில் மேலே வந்துவிடும் வாளி, இவள் கையில் நின்று நின்று வந்தது. பாதித் தண்ணீர் ததும்பி மறுபடி கிணற்றிலேயே விழுந்தது. மேலே வந்ததும் கையால் அள்ளிக் குடித்தாள். முகத்தில் அடித்துக் கழுவினாள். தண்ணீர் முகத்திலிருந்து வடிந்துகொண்டிருந்தது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இம்புட்டுத் தெரிஞ்சவுக எதுக்குப் பருப்பு கொண்டாந்தீக?” என்று கேட்டாள் அம்மா.

“வீடு வாங்க வர்றவுக எல்லாரும் கொண்டாருவாகல்ல தாயி. நானும் கொண்டாந்தேன்.”

வேகாத பருப்பைக் கோழிகளுக்குக் கொட்டினாள். வேறு தண்ணீரில் வேகவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆட்டை நானே இழுத்துக் கட்டினேன், இறுக்கமாக. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவர்கள் குடிவருவதற்குள் அந்த மடையைச் செங்கல் வைத்து அடைத்துத் தர வேண்டும்.

“அடைச்சா கருவாயன் எப்படி வரும்? அது அதோட வழி” என்று கத்திவிட்டேன். அப்பா கண்ணை உருட்டினார்.

அவள் என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டாள். “அதுக்கா கட்டுனாக தாயி இது?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா தரையைப் பார்த்தாள். “நீங்க போன பெறகும் அது இங்கனதான் இருக்கும். மத்தியானம் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வாசல் வழியா வரட்டும். யாரும் வெரட்ட மாட்டாக” என்றாள். நான் விட்ட பெருமூச்சு அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

ஆனி கடைசியில் வண்டி கட்டிச் சிவகாசிக்குப் போனோம். கருவாயன் ரோடு வரை வந்து, அப்புறம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. அப்பா பெரியப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மூன்று தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து வந்த பலகாரம் திரும்பிப் போனது. யோசனை சொன்னவர் பெரியப்பாதான், ஆனால் செய்தது நான் என்று கடைசிவரை நான் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பழி மட்டும் என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது. அம்மாவும் அந்த ஈரப் பாவாடையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாயைக் காட்டித் தப்பித்திருப்பேன். மடையைப் பற்றி அந்த அம்மா கேட்டிருந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதைக் காட்டித் தப்பித்திருப்பார்கள் என்று அம்மா யோசித்திருப்பாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்று சாயங்காலம் நானும் தம்பியும் கிணற்றடியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் அலசினோம். பருப்பு வேகாமலேயே வீடு எப்படி விற்றது என்பது தம்பியின் சந்தேகம். என் சந்தேகம் வேறு. நல்ல பெரிய பொம்பளை, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த கை, ஒரு வாளி தண்ணீருக்கு இவ்வளவு நேரமா?

“அந்தம்மாவுக்குத் தண்ணி எறைக்கவே தெரியலைலே” என்றேன்.

“எனக்குக்கூடத் தெரியும்” என்றான் தம்பி. எழுந்து போய், வாளியைத் தொபீரென்று கிணற்றுக்குள் விட்டுக் காட்டினான்.